பழைய லாரிக்குப் புது ஃபேன் கிளட்ச்

நேர் ரோட்டில் ஓடும்போது ஒன்றும் தெரியாது, லோடோடு மேடு ஏறினால் போதும், டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுவிடும். ரேடியேட்டரைக் கழுவி, தெர்மோஸ்டாட்டையும் மாற்றினேன், பலனில்லை. அப்புறம்தான் பார்த்தேன், சூடான இன்ஜினை அணைத்த பிறகும் ஃபேன் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது, ஃபேனை இன்ஜினோடு இணைக்கும் கிளட்ச் நடுவில் கறுப்பாகப் பிசுக்கு, அதாவது ஃபேனைப் பிடித்துச் சுழற்ற வேண்டிய சிலிகான் திரவமே கசிந்துவிட்டது. புதுசு போட்டாச்சு. இப்போது இன்ஜின் சூடேறினால் ஃபேன் ஹோவென்று இரைகிறது, முள் பாதியைத் தாண்டவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் உறுமும், பயப்பட வேண்டாம். கூட வந்த போல்ட்டுகள்தான் மட்டம், நீளமே சேரவில்லை, பழையதையே முடுக்கினேன். அதற்காக ஒரு ஸ்டார் கட்.