பிறர் தோட்டத்தைப் பார்க்க மூன்று வழிகள்: ஓர் ஒப்பீடு

ஆண்டு முழுவதும் மூடியே கிடக்கும் வீட்டுத் தோட்டங்களைச் சில நாள்கள் மட்டும் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் திட்டங்களில் பிரிட்டனின் நேஷனல் கார்டன் ஸ்கீம், அமெரிக்காவின் ஓப்பன் டேஸ், பிரான்சின் ராந்தேவூ ஓ ஜார்தான் ஆகிய மூன்றும் குறிப்பிடத்தக்கவை. தோட்டக்கலையைக் கற்றுக்கொள்ள விரும்பும் ஒருவருக்கு இவற்றில் எது கூடுதலாகப் பயன்படும் என்பதே இங்கே கேள்வி.

இவற்றுள் மூத்ததான பிரிட்டிஷ் திட்டம், செவிலியர் பணிக்கு நிதி திரட்டும் நோக்கில் 1927இல் தொடங்கப்பட்டது. தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் அவ்வாண்டு 609 தோட்டங்கள் திறக்கப்பட்டன. இன்று அந்த எண்ணிக்கை 3,000ஐத் தாண்டிவிட்டது. இத்திட்டத்தின் கையேட்டில் மாளிகைத் தோட்டத்துக்கு அடுத்த பக்கத்திலேயே நகர வீடொன்றின் குறுகிய கொல்லைப்புறமும் இடம்பெறுவதை இதன் தனிச்சிறப்பாகக் கருதுகிறேன்; நம் கையளவு இடத்தில் செய்து பார்க்கக்கூடிய யோசனைகள் அத்தகைய கொல்லைகளில்தான் கிடைக்கின்றன. மஞ்சள் அட்டைக் கையேட்டிலோ இணையதளத்திலோ பகுதிவாரியாகத் தேடினால், திறக்கும் தேதியோடு, சக்கர நாற்காலி செல்லுமா, நாயை அழைத்து வரலாமா, நாற்றுகள் விற்பனைக்கு உண்டா என்பனவும் தெரிந்துவிடும். சில ஊர்களில் ஒரே சீட்டில் பல வீட்டுத் தோட்டங்களைச் சுற்றி வரலாம். அறிவித்த நாளில் வர இயலாதவர்கள், அதற்கு இசையும் உரிமையாளர்களிடம் முன்கூட்டியே பேசி வேறு நாளில் வரவும் வழியுண்டு.

அமெரிக்கத் திட்டத்தின் வேர் வேறு. கலிபோர்னியாவில் ரூத் பான்கிராஃப்ட் வளர்த்த வறள்நிலத் தோட்டம் அவருக்குப் பின் என்னவாகுமோ என்ற கவலையில் தோட்டக்கலை ஆர்வலர் ஃபிராங்க் கேபட் 1989இல் தோட்டங்களைப் பாதுகாக்கும் அமைப்பான கார்டன் கன்சர்வன்சியை நிறுவினார். அந்த அமைப்பு 1995இல் ஓப்பன் டேஸைத் தொடங்கியது. ஆகவே அங்கே செலுத்தும் கட்டணம் தோட்டங்களைக் காக்கும் பணிக்கும் உதவுகிறது. ஆனால் நாடு பெரிது. தோட்டங்கள் தொலைவுகளில் சிதறிக் கிடப்பதால், பயணத்தை நன்கு திட்டமிட்டு முன்பதிவு செய்துகொண்டே புறப்பட வேண்டும்.

பிரெஞ்சுப் பண்பாட்டு அமைச்சகம் 2003 முதல் நடத்தும் நிகழ்வோ ஜூன் தொடக்கத்தில் ஒரு வார இறுதியோடு முடிந்துவிடுகிறது. ஆண்டுக்கொரு கருப்பொருள், பொதுத் தோட்டங்களோடு தனியார் தோட்டங்களும் என விழாக்கோலம் நிறைந்திருக்கும். ஆயினும் ஜூனில் கண்ட ஒரு பாத்தி செப்டம்பரில் எப்படி மாறியிருக்கும் என்பதை அது காட்டாது.

தோட்டத்தைப் பருவந்தோறும் பார்த்தால்தான் புரியும் என்பதாலும், மண்ணைக் கிளறிய கையாலேயே செடியைச் சுட்டிக்காட்டி விளக்கும் உரிமையாளரிடம் நேரில் கேட்டறிய முடிவதாலும், என் தேர்வு பிரிட்டிஷ் திட்டமே. அரிய தாவரத் தொகுப்புகளை நாடுவோர் அமெரிக்கப் பட்டியலை முதலில் புரட்டலாம். எந்த நாடாயினும், கேட்காமல் ஒரு தளிரைக்கூடக் கிள்ளக் கூடாது. தேதி மாறக்கூடும் என்பதால், முந்தைய நாள் இணையதளத்தை மீண்டும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.