சுங்கை சிப்பூட் தோட்டப் பாதையில் ஓடும் காருக்குக் கம்பெனி சர்வீஸ்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கூடாது

பேராக்கின் சுங்கை சிப்பூட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் லயத்து வாசலில் நிற்பது பெரும்பாலும் பெரோடுவா மைவி, பெரோடுவா ஆக்சியா, புரோட்டான் சாகா. மூன்றுக்கும் வாரண்டி 5 ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர். அது கைவிட்டுப் போகாமல் இருக்க வேண்டுமென்றால் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத் தவணை தவறாமல் போயாக வேண்டும். மைவி, ஆக்சியாவுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது 6 மாதம், எது முந்துகிறதோ அது. இங்கே பலர் கோட்டை விடுவது அந்த ஆறு மாதத்தில்தான். வீட்டுக்கும் டவுனுக்கும் மட்டும் ஓடும் காரில் மீட்டர் 3,000கூடத் தாண்டியிருக்காது. "இன்னும் ஓடலையே" என்று விட்டுவிடுகிறார்கள். பிறகு கியர்பெட்டியில் கோளாறு வந்து வாரண்டி கேட்கும்போது சர்வீஸ் புத்தகத்தில் ஒரு முத்திரை குறையும்.

செலவு பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. முழு சிந்தெட்டிக் எண்ணெயோடு சிறிய சர்வீஸ் 200 வெள்ளிக்கு (ரிங்கிட்) முன்பின் வரும். 40,000 கிலோமீட்டர் பெரிய சர்வீஸ் அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. சேவை வரி 2024 மார்ச் 1 முதல் 6 விழுக்காட்டிலிருந்து 8 ஆகிவிட்டது. "இலவச சர்வீஸ்" என்று கூப்பன் கொடுத்தால் பெரும்பாலும் கூலி மட்டும்தான் இலவசம், எண்ணெய்க்கும் ஃபில்டருக்கும் காசு உண்டு. பில்லில் எண்ணெய் எத்தனை லிட்டர் என்று பாருங்கள். மைவி எஞ்சினுக்குச் சுமார் 3 லிட்டர். மூன்று சிலிண்டர் ஆக்சியாவுக்கு அதைவிடச் சற்றுக் குறைவு. 4 லிட்டருக்குக் காசு போட்டிருந்தால் மிச்ச எண்ணெயைப் போத்தலோடு கேட்டு வாங்குங்கள். காரை எடுத்ததும் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து அளவுக்கம்பியை இழுத்துப் பார்க்க வேண்டும். மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் அங்கேயே எடுக்கச் சொல்லுங்கள். கூடுதல் எண்ணெயைச் சுழலும் கிராங்க் அடித்து நுரையாக்கிவிடும், நுரை தேய்மானத்தைத் தடுக்காது.

தரம் என்று வந்தால் எண்ணெய், ஃபில்டர் வேலையில் குறை சொல்ல அதிகமில்லை. குறை இருப்பது அட்டவணையில். அது தார் ரோட்டில் ஓடும் காருக்குப் போட்ட அட்டவணை. புழுதியும் அடிக்கடி குட்டிப் பயணமும் இருந்தால் எண்ணெயையும் ஃபில்டரையும் பாதித் தவணையில் மாற்ற வேண்டும் என்று கார்க் கையேடுகளே கடின உபயோகம் என்ற தலைப்பில் சொல்கின்றன. செம்பனை லாரி ஓடும் செம்மண் பாதை அந்தக் கணக்கில்தான் சேரும். கவுண்டரில் யாரும் இதைக் கேட்க மாட்டார்கள், நாம்தான் சொல்ல வேண்டும்.

முதலில் காற்று ஃபில்டர். பெட்டியைத் திறந்ததும் காகிதத்தின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஓர ரப்பரைப் பாருங்கள். ரப்பருக்கு உட்புறம், எஞ்சின் பக்கம், மெல்லிய சிவப்புக் கோடு தெரிந்தால் புழுதி சுற்றிக்கொண்டு உள்ளே போகிறது என்று அர்த்தம். ஃபில்டர் சரியாக உட்காரவில்லை, இல்லை கிளிப் பூட்டவில்லை. பிஸ்டன் ரிங்கைத் தின்பது அந்தப் புழுதிதான். காற்றடித்துச் சுத்தம் செய்தால் சுத்தமான பக்கத்திலிருந்து வெளியே ஊத வேண்டும். அழுக்குப் பக்கத்திலிருந்து ஊதினால் மண் காகிதத்துக்குள் இறங்கிவிடும்.

அடுத்தது பின் பிரேக். மைவி, ஆக்சியா, சாகா மூன்றுக்கும் பெரும்பாலும் பின்னால் டிரம் பிரேக். மழைக்காலச் சேறு உள்ளே புகுந்து, பிரேக் தேய்மானத் தூளோடு கலந்து, காய்ந்து கெட்டியாகிவிடும். காலையில் கிறீச்சென்று சத்தம், ஹேண்ட்பிரேக் முன்னைவிட உயரமாக ஏறுவது, பிறகு டிரம்மில் கோடு. டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்வது சிறிய சர்வீஸில் பெரும்பாலும் சேராது. பதியும்போதே "ஹாபுக் பாஞாக், தோலோங் சூசி பிரேக் பிளாக்காங்" (புழுதி அதிகம், பின் பிரேக்கைச் சுத்தம் செய்யுங்கள்) என்று மலாயில் சொல்லி, வேலைத்தாளில் எழுதச் சொல்லுங்கள். எழுத்தில் இல்லாத வேலை மெக்கானிக் காதுக்கே போய்ச் சேராது. முன் டயர் வளைவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பையும் காரைத் திரும்ப வாங்கும்போது கையால் ஆட்டிப் பாருங்கள். கழற்றி மாட்டும்போது கிளிப் ஒன்றிரண்டு விழுந்துபோகும். அடுத்த சேற்றுப் பள்ளத்தில் மறைப்பு கிழிந்து டயரில் உரசும்.

விற்கப் பார்ப்பதும் இருக்கும். எஞ்சின் ஃப்ளஷ் (எஞ்சினை உள்ளே கழுவும் மருந்து), இன்ஜெக்டர் கிளீனர், ஏசி நுரை மருந்து. தவணையில் எண்ணெய் மாற்றும் காருக்கு ஃப்ளஷ் வேண்டாம், தைரியமாக மறுக்கலாம். "பிரேக் பேட் மாத்தணும்" என்றால் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று கேளுங்கள். புதியது சுமார் 10. 3-க்கு வந்தால் மாற்றலாம், 6 இருக்கும்போது அவசரமில்லை. மாற்றிய பாகத்தைத் திருப்பித் தரும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வாரண்டி முடிந்தபின் எண்ணெய், பிரேக், அப்சார்பர், புஷ் எல்லாம் நல்ல வெளிப்பட்டறையில் குறைந்த கூலியில் முடியும். சிவிடி (படிகள் இல்லாத ஆட்டோ கியர்) எண்ணெயை மட்டும் சர்வீஸ் சென்டரிலேயே மாற்றுவது உத்தமம்: சாதாரண ஏடிஎஃப் (வழக்கமான ஆட்டோ கியர் எண்ணெய்) ஊற்றினால் பெட்டி போய்விடும், அளவு பார்ப்பதும் எண்ணெயின் சூட்டைப் பொறுத்தது. 1.3 எஞ்சின் சாகா வைத்திருப்பவர்கள் டைமிங் பெல்ட்டைக் கையேட்டில் போட்ட கிலோமீட்டரைத் தாண்ட விடவே கூடாது. அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதி எஞ்சினையே திறக்க வேண்டிவரும். பெல்ட்டோடு டென்ஷனரையும் வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றுங்கள், கூலி ஒன்றுதான். ரேடியேட்டருக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

வெள்ளிக்கிழமை பதியாதீர்கள். தொழுகை இடைவேளை நீளம், மதியத்துக்குமேல் எடுத்த கார் அவசரமாக முடியும்.

செய்யாத வேலைக்குக் காசு வாங்கியிருந்தால் முதலில் சர்வீஸ் மேனேஜரிடம் வேலைத்தாளையும் பில்லையும் வைத்துப் பேசுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. தீர்ப்பாயத்துக்காக ஈப்போவுக்குப் போகும்போது வேலைத்தாள், பில், மீட்டர் படம், கழற்றிய பாகம் நான்கையும் கையில் கொண்டுபோங்கள்.