நடுவில் நிற்பவருக்கு 44-ஆ, 36-ஆ?

கண்ணன், மீனா, சேகர் மூவரும் வியாபாரிகள். யாரும் தனியாக நின்றால் ஒன்றும் தேறாது. எந்த இருவர் சேர்ந்தாலும் லாபம் 60, மூவரும் சேர்ந்தால் 72. (விளையாட்டுக் கோட்பாட்டு அறிஞர்கள் ராபர்ட் ஆமனும் ராஜர் மயர்சனும் 1988-இல் அலசிய கணக்கில் உள்ள எண்கள்தான் இவை.) எப்படிப் பங்கு பிரிப்பது?

கணிதவியலாளர் லாயிட் ஷாப்லி 1953-இல் சொன்ன வழி: மூவரும் ஒவ்வொருவராக உள்ளே வரட்டும். ஒருவர் வந்ததும் லாபம் எவ்வளவு கூடுகிறது என்று பார்த்து, வரக்கூடிய எல்லா வரிசைகளுக்கும் சராசரி எடுக்க வேண்டும். ஆளுக்கு 24. சண்டைக்கு இடமில்லை.

ஆனால் கண்ணனும் சேகரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள், இருவருக்கும் தெரிந்தவர் மீனா மட்டும்தான் என்றால்? ஷாப்லி கணக்கில் இது ஏறவே ஏறாது. 1977-இல் மயர்சன் ஏற்றினார். தொடர்பில்லாத இருவர் சேர்ந்து சம்பாதிக்க முடியாது என்று வைத்துக்கொண்டு அதே சராசரியை எடுத்தார். மீனா முதலில் வந்தால் 0, இரண்டாவதாக வந்தால் 60, கடைசியில் வந்தால் 72. சராசரி 44. மற்ற இருவருக்கும் தலா 14.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. மீனா–சேகர் தொடர்பு அறுந்தால் மீனா 30-க்கு இறங்குகிறார், சேகர் 0-வுக்கு. இருவருக்கும் நஷ்டம் சரியாக 14. மயர்சன் நியாயம் என்று சொல்வது இதைத்தான். ஆனால் ஓரமாக நிற்கும் கண்ணனுக்கு 14 போய் 30 வருகிறது! அந்த இருவரையும் பிரித்துவிட அவருக்கு ஆசை வராதா என்ன?

போர்ம், ஓவன், டைஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1992-இல் அலசிய 'பொசிஷன் வேல்யூ' என்ற இன்னொரு பங்கீட்டு முறை ஆட்களை விட்டுவிட்டுத் தொடர்புகளுக்கே பங்கு தருகிறது. இரண்டு தொடர்புகளுக்கும் தலா 36. அதை இரு முனையிலும் இருப்பவர்கள் பாதிப் பாதியாக எடுத்துக்கொள்கிறார்கள். மீனாவுக்கு 36, மற்றவர்களுக்குத் தலா 18. தொடர்பைக் கட்டிக் காப்பதே பெரிய வேலை என்கிற இடத்தில் இது பொருந்தும். ஆனால் தொடர்பு அறுந்தால் மீனா இழப்பது 6, சேகர் இழப்பது 18. மிரட்டக்கூடியவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் விருப்பப்படி சேரவும் விலகவும் முடிகிற இடத்தில் என் ஓட்டு மயர்சனுக்கே.

அதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. கண்ணனுக்கும் மீனாவுக்கும் சேர்த்து அதில் கிடைப்பது 58. சேகரைக் கழற்றிவிட்டால் 60. யாரும் பிரிந்துபோக நினைக்காத பங்கீடு, அதாவது 'கோர்', வேண்டுமென்றால் மீனாவுக்குக் குறைந்தது 48 தந்தாக வேண்டும். அப்புறம் கண்ணனும் சேகரும் அறிமுகமாகிவிட்டால் எந்த ஜோடிக்கும் 60-க்குக் குறையக் கூடாது. ஒவ்வொருவரும் இரண்டு ஜோடிகளில் வருவதால் அதற்கு மொத்தம் 90 வேண்டும், கையில் இருப்பதோ 72.