காலிக் கோட்டைக்குள் அறை என்று முற்பணம் கேட்டால் கவனம்

இலங்கையின் காலி நகரத்தில் இருக்கிற கோட்டைக்குள்ளேயே தங்கலாம், சுற்றுவட்டாரமும் காட்டுவோம் என்று வருகிற பக்கேஜ் விளம்பரத்துக்குக் காசு அனுப்ப இருப்பவர்கள் தயவுசெய்து இதை வாசித்துவிட்டு முடிவெடுங்கள். அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் நாங்கள் நன்றாகப் பட்டுவிட்டோம்.

பாதிக் காசை முன்கூட்டியே வங்கியில் போடச் சொன்னார்கள், போட்டோம். காலி ஸ்டேஷனில் இறங்கிய பிறகுதான் கோட்டைக்குள் இருக்கிற அறையில் தண்ணீர்க் குழாய் பழுது, முதலாளிக்கு வேறு விடுதியும் இருக்கிறது என்று சொல்லி ஓட்டோவில் ஏற்றினார்கள். அது உனவட்டுனப் பக்கம், அறை முழுக்கப் பூஞ்சண வாடை. விடியற்காலையில் எழும்பி மதிலில் நடக்க வேண்டும் என்றுதான் அம்மா ஆசைப்பட்டவர். முழங்கால் வலியோடு ஒவ்வொரு தடவையும் ஓட்டோவில் போய் வர வேண்டியதாகிவிட்டது. காசைத் திருப்பிக் கேட்டால், அறை தந்தோம்தானே என்கிறார்கள்.

அடுத்த நாள் கொக்கலையில் கடலில் நட்ட கம்பில் ஏறி இருந்து மீன் பிடிப்பவர்களைப் பார்க்கக் கிளம்பினோம். போகிற வழியில் மீட்டியாகொட சந்திரகாந்தக் கல் சுரங்கத்தையும் பார்க்கலாம் என்றார் சாரதி. எந்த வழி? கொக்கலை மாத்தறைப் பக்கம், மீட்டியாகொட ஹிக்கடுவையும் தாண்டிக் கொழும்புப் பக்கம், நேர் எதிர்த்திசை! சுரங்கத்தைக் கொஞ்ச நேரம் காட்டிவிட்டு நகைக்கடைக்குள் விட்டார்கள், அங்கே அரை நாள் போனது, ஒன்றும் வாங்காமல் வெளியே வந்ததும் சாரதி முகம் கொடுத்துப் பேசவே இல்லை. கொக்கலையில் படம் எடுக்கத் தனியாகக் காசு. கம்பில் ஏறி இருப்பவர்களைக் குறை சொல்லவில்லை, இப்போது அவர்களில் பலருக்குப் படம்தான் பிழைப்பு. எல்லாம் பக்கேஜில் அடக்கம் என்று எழுதித் தந்தவர்களைத்தான் சொல்கிறேன்.

எனக்குக் கோபம் தாங்காமல் போனது கல்வெட்டு விஷயத்தில். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே காலத்து மும்மொழிக் கல்வெட்டு, 1409 ஆம் ஆண்டுக்குரியது, 1911 இல் காலியில் கண்டெடுத்தார்கள். சீனத்தோடும் பாரசீகத்தோடும் தமிழும் அதில் இருப்பதால் அப்பாவுக்கு அதைப் பார்க்க அவ்வளவு ஆர்வம். வழிகாட்டி தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு பிரதியைக் காட்டி இதுதான் அசல் என்றார். அசல் கல் கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கோட்டைக்குள் போக யாருக்கும் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். ஸ்டேஷனில் இருந்து நடந்து, கிரிக்கெட் மைதானத்தைத் தாண்டினால் வாசல் வந்துவிடும். வெளிச்சவீடு, மீரான் பள்ளிவாசல், 1755 இல் கட்டிய டச்சுத் தேவாலயம் எல்லாம் ஒரு காலைப்பொழுதில் நடந்தே பார்க்கலாம். கொக்கலைக்கு மாத்தறை பஸ் இருக்கிறது. அறை எடுப்பதென்றால் தெருப் பெயரைக் கேளுங்கள்: பெட்லர் தெரு, சேர்ச் தெரு, லைட்ஹவுஸ் தெரு, லேன் பான் தெரு இதெல்லாம் கோட்டைக்குள் இருப்பவை. தெருப் பெயர் சொல்லாமல் "கோட்டைக்குக் கிட்ட" என்று மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

எங்கள் முற்பணம் இன்னும் வரவில்லை. மாடியில் இருந்து வெளிச்சவீடு தெரிகிற அதே படங்களைப் போட்டு வேறு பெயரில் விளம்பரம் இப்போதும் ஓடுகிறது.