டிராலியா, கைக்கூடையா?

ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்யப் போகும்போது சாமான்களை எதில் கொண்டுபோவது? ஒரு தளத்தில் 15 அறை, லிஃப்ட் உண்டு, நடைபாதையும் அகலம் என்றால் யோசிக்கவே வேண்டாம், டிராலிதான். பெட்ஷீட், டவல் மாதிரி கனமானவை கீழ்த்தட்டில். சோப்பு, ஷாம்பு, டீ பாக்கெட் மேலே. மாற்றி அடுக்கினால் திருப்பத்தில் வண்டி சாயும். ஒரு முனையில் அழுக்குத் துணிப் பை, மறுமுனையில் குப்பைப் பை. வேலை நடக்கும்போது வண்டியை அறை வாசலில் நிறுத்திவிடலாம். உள்ளே ஆள் இருப்பது வெளியே தெரியும்.

ஆனால் மேல்தட்டில் ஷாம்பு பாட்டில்களைக் குவிக்காதீர்கள். போகிற வருகிற விருந்தினர் கை சும்மா இருக்காது!

மாடிப்படி மட்டுமே உள்ள பழைய லாட்ஜில் டிராலி வாங்குவது வீண். அங்கே தளத்துக்கு ஒரு பூட்டு அலமாரி, அதில் துணிகள்; கையில் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் கூடை. கூடையில் டாஸ்கி பிராண்ட் சுத்தம் செய்யும் திரவங்கள்: ஆர்-1 குளியலறைக்கு, ஆர்-3 கண்ணாடிக்கு, ஆர்-6 கழிவறைக் கோப்பைக்கு. இந்த ஆர்-6 அமிலம். மார்பிளில் பட்டால் அரித்துவிடும். பிளீச்சோடு சேர்ந்தால் நச்சுப்புகை. கோப்பை தேய்க்கும் பிரஷ்ஷுக்கும் துணிக்கும் தனி வாளி வேண்டும், டம்ளர் துடைக்கும் துணி அதன் பக்கமே போகக்கூடாது.

கூடையின் தொல்லை நடைதான். ஒரு தலையணை உறை குறைந்தாலும் மறுபடி அலமாரிக்கு ஓட வேண்டும். 8 அறைக்குள் என்றால் சரி, சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால், படி ஏறி இறங்குகிறவர் முழங்காலையும் கணக்கில் சேர்த்து இன்னொரு ஆளைப் போடுங்கள்.