இன்காய்ஸின் கடல் வெப்ப அலை வரைபடம்: கடலூர்க் கரையில் எவ்வளவு பயன்?

கடல் மேல்நீர் எங்கே வழக்கத்தைவிடச் சூடாக இருக்கிறது என்று நிறத்தால் காட்டும் இந்த வரைபடம், ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம் (இன்காய்ஸ்) இணையத்தில் இலவசமாகத் தருகிற சேவை. கடலூர் முதுநகரில் படகு வைத்திருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது.

ஒரு நாள் சூட்டைக் கண்டு பதற வேண்டாம். அந்தத் தேதிக்கான நீண்டகாலப் பதிவுகளில் நூற்றுக்கு 90 பதிவுகளைவிட அதிகமான வெப்பம் 5 நாளாவது நீடித்தால்தான் வெப்ப அலை. இடையில் 2 நாள் தணிந்தாலும் அதே அலைதான். ஆகவே நிறத்தைவிட நாள்கணக்கைக் குறித்து வையுங்கள்.

செயற்கைக்கோள் அளப்பது மேல்நீரை மட்டுமே. வலை இறங்கும் ஆழத்தின் சூடு இதில் தெரியாது. கயிற்றில் கட்டிய வெப்பமானியை 10 மீட்டரில் சில நிமிடம் விட்டுப் பார்ப்பது நல்லது.

வரைபடம் சொல்லாத முக்கியமான விஷயம் சினை. வளர்ந்த மீன் தாங்கும் சூட்டை முட்டையும் சினைமீனும் தாங்காது. சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு, கருவின் தேவையோ அதிகம். ஆஸ்திரேலியப் பவளப்பாறை மீன் ஒன்றை 3 டிகிரி கூடுதல் சூட்டில் வளர்த்தபோது, அதே சூட்டில் வளர்ந்த பெற்றோரின் குஞ்சுகளுக்கு மூச்சுத்திறன் மீண்டது. இனப்பெருக்கம் அப்படி மீளவில்லை. பழகிவிடும் என்று விட்டுவிட முடியாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலத்திலும் வரைபடத்தைப் பார்த்து எழுதி வையுங்கள். தடை முடிந்தபின் வரும் கவலை மீன், காணாங்கத்தை மீன் ஆகியவற்றின் அளவோடும் சினையோடும் அதை ஒப்பிடலாம்.