சொதிக்குப் போகலாம், பில்லை மட்டும் படித்துப் பாருங்கள்

திருநெல்வேலியில் ஒரு ராத்திரி தங்க வேண்டி வந்ததால் வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு பெரிய ஹோட்டலின் ஏசி ரெஸ்டாரண்டிலேயே சாப்பிட்டோம். பெயர் வேண்டாம். மெனுவில் பாதிக்கு மேல் பன்னீரும் மஞ்சூரியனும்தான், எந்த ஊரில் இருக்கிறோம் என்றே தெரியாது, ஆனால் கடைசிப் பக்கத்தில் சொதி இருந்தது. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்குப் போடுகிற அதே சொதி. தலைப்பாலைக் கடைசியில் ஊற்றித் திரியாமல் இறக்கியிருந்தார்கள், முருங்கைக்காய் பதமாக வெந்திருந்தது, பாசிப்பருப்பு குழைந்து தேங்காய்ப்பாலோடு சேர்ந்திருந்தது. தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு சிப்ஸும் கேட்காமலே வந்தன. இதற்காகவே இன்னொரு முறை போவேன்.

ஃப்ரெஷ் லைம் சோடாவில் கேஸே இல்லை. பார் மாடியில், அதன் பாட்டுச் சத்தம் கீழே குடும்பத்தோடு சாப்பிடுகிறவர்களுக்கு இலவசம்.

அப்புறம் பில். சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் தானாக ஏறியிருந்தது. இப்படிச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022லேயே சொல்லிவிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. "அண்ணாச்சி, இத எடுத்துருங்க" என்றதும் மேனேஜர் மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டார். கேட்காதவர்கள் கட்டிவிட்டுத்தான் போகிறார்கள். அல்வாவை அங்கே வாங்காதீர்கள், சாயங்காலம் நெல்லையப்பர் கோயில் எதிரே இருட்டுக்கடை வரிசையில் நின்றுவிடலாம்.